துரைக்குப் பால் போதவில்லை

மங்கு நிரம்பி வழிந்தாலும் துரைக்குப் பால் போதாது. சுங்கை சோ பக்கத்துத் தோட்டங்களில் நிரை பிடித்துப் பால் வெட்டிய தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் துரைமார் கப்பலேறிப் போனார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய்க் கார் ஆலையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. நம் பிள்ளைகள் இப்போது பெரோடுவா பெயர்போட்ட சட்டையில் வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் அந்த வசனம் சாகவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவில், முதலீட்டாளர்கள் முன்னால், கணினித் திரையின் வழியே அது மறுபடி ஒலித்தது. பேசியவர் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் அன்றைய தலைவர் சிந்தியா வில்லியம்ஸ். தங்களுடைய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (சுருக்கமாக டி அண்ட் டி) விளையாட்டிலிருந்து எடுக்கவேண்டிய பணம் இன்னும் சரியாக எடுக்கப்படவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். பட்டையில் இன்னும் இடம் இருக்கிறது, கத்தியைக் கொண்டுவா என்று அர்த்தம்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக: ஒரு மேசை, அதைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார்; அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். ‘நான் குகைக்குள் போகிறேன்’, ‘நான் காவல்காரனிடம் பொய் சொல்கிறேன்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பொய் பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். குகையும் கிடையாது, காவல்காரனும் கிடையாது. எல்லாம் ஆடுகிறவர்களின் மண்டைக்குள். விதிப்புத்தகம் காணாமல் போனாலும் பாதி ஆட்டம் நடக்கும். ஆடுகிறவன் காணாமல் போனால் புத்தகம் எடைக்குத்தான் போகும்.

அதே பேச்சில் அந்த அம்மையார் ஒரு கணக்கும் சொன்னார். ஆடுகிறவர்களில் டஞ்சன் மாஸ்டர்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு. ஆனால் காசு செலவழிக்கிறவர்களில் பெரும்பங்கு அவர்கள்தான். அதாவது கதை தயாரிப்பவரும், ஆள் சேர்ப்பவரும், விதி தெரியாதவனுக்கு மூன்றாம் முறையாக அதே விதியை விளக்குபவரும், கடைசி நிமிடத்தில் ‘வர முடியல ப்ரோ’ என்று செய்தி அனுப்புகிறவனை மன்னிப்பவரும் எவரோ, அவரே காசும் கட்டுகிறார். கங்காணிக்காவது ஆள் பிடித்ததற்குத் தலைக்காசு கிடைத்தது. இவர் ஆளையும் பிடித்துக் கொடுத்து, தலைக்காசையும் தன் பையிலிருந்து துரைக்குக் கட்டிவிட்டு வருகிறார். இந்த அநியாயம் நிறுவனத்தை உறுத்தவில்லை. மீதி 80 விழுக்காட்டினர் சும்மா ஆடுகிறார்களே என்பதுதான் உறுத்தியது.

இந்த நிறுவனத்தார் நம்மூரில் விடியற்காலைப் பிரட்டு எடுத்தால் எப்படி இருக்கும்?

“ஏன்டா, நேத்து ராத்திரி மாமாக் கடையில எத்தன தடவ பகடை உருட்டுன?”

“ஒரு முப்பது இருக்குங்க தொரை.”

“சந்தா கட்டினியா?”

“பகடை என் சொந்தப் பகடைங்க.”

“பகடை உன்னுது. பூதம்?”

“அதுவும் நானா நெனச்சிக்கிட்டதுதாங்க.”

“நெனைக்கிறதுக்கு ரூல் யாரு குடுத்தா? கிராணி! இவனுக்கு இன்னிக்கி அரை நாள்தான் போடு.”

2023 ஜனவரியில் கசிந்த ஆவணம் இந்தக் கூத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 2000ஆம் ஆண்டில் இதே நிறுவனம் ஒரு திறந்த உரிமம் கொடுத்திருந்தது. எங்கள் அடிப்படை விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கதைகளை எழுதி விற்றுக்கொள்ளுங்கள் என்றது. அதை நம்பி எத்தனையோ சின்னப் பதிப்பாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிழைத்தார்கள். அவர்கள் எழுதியதை ஆடுவதற்காகவே பலர் மூல நூலையும் வாங்கினார்கள். ‘இங்கேயே இருந்துகொள்ளுங்கள்’ என்று லயத்தைக் கொடுத்துவிட்டு, நிலம் கைமாறும்போது ‘யார் சொன்னது?’ என்று கேட்ட தோட்டங்களை வட சிலாங்கூர் நிறையவே பார்த்திருக்கிறது. எனவே அடுத்து நடந்ததை நமக்கு விளக்கத் தேவையில்லை. புதிய வரைவு, பழைய உரிமம் இனிச் செல்லாது என்றது. ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வந்தால் கணக்குக் காட்ட வேண்டும். 750,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு கொடுக்க வேண்டும். இலாபத்தில் அல்ல, வரவில்! அச்சுக்கூலி, ஓவியர் கூலி, கப்பல் கூலி எல்லாம் உன் பாடு. இதற்கும் மேலே ஒரு பிரிவு: நீ எழுதியதை அவர்கள் காலமெல்லாம் காசு தராமல் பயன்படுத்திக்கொள்ளலாம். பெயர் மட்டும் ‘திறந்த’ உரிமம். திறந்திருந்தது உன் சட்டைப்பை.

ஆடுகிறவர்கள் கொதித்தார்கள். நிறுவனத்தின் இணையத்தளமான டி அண்ட் டி பியாண்டின் சந்தாவைக் கூட்டங்கூட்டமாக ரத்து செய்தார்கள். ஜனவரி 13இல் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. நீங்கள் மட்டும் ஜெயிக்கவில்லை, நாங்களும்தான் ஜெயித்தோம் என்ற தொனியில். சட்டைப்பையில் கைவிட்டவனின் மணிக்கட்டைப் பிடித்தால், ‘ஆக, நாம் இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம்’ என்கிறான். அந்தப் பேச்சும் எடுபடவில்லை. ஜனவரி 27 அன்று திட்டத்தையே கைவிட்டு, அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆடுகிறவர்கள் பெற்ற உருப்படியான வெற்றி அது ஒன்றுதான். அதுவும் யாரும் பரிசாகத் தந்ததல்ல.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு கூத்து. இதே நிறுவனத்தின் ‘மேஜிக்’ சீட்டாட்டத்தில், வெளியீட்டு நாளுக்கு முன்பே சீட்டுப் பெட்டிகள் ஒருவர் கைக்கு வந்துவிட்டன. அவர் அவற்றைப் பிரித்துக் காணொளி போட்டார். அவர் வீட்டு வாசலுக்கு யாரை அனுப்பினார்கள் தெரியுமா? பிங்கர்ட்டன் ஆட்களை. 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை வேலைநிறுத்தத்தை உடைக்கத் துப்பாக்கியோடு படகில் வந்திறங்கிய அதே பிங்கர்ட்டன். அட்டைச் சீட்டுக்கு அடியாள். தொழிற்சங்கம் நடத்திய தாத்தாக்கள் இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள்.

டிசம்பர் வந்தது. 7ஆம் தேதி, டி அண்ட் டி விதிகளை வைத்து லாரியன் என்ற பெல்ஜிய நிறுவனம் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆண்டின் சிறந்த கணினி விளையாட்டு என்ற விருதைப் பெற்றது. 11ஆம் தேதி, விசார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1,100 பேரை வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்தது. அந்த ஆண்டில் அதற்கு முன்பே அனுப்பிய 800 பேர் தனிக்கணக்கு. கிறிஸ்துமஸுக்கு இரண்டே வாரம். பொம்மை விற்பனை படுத்துக் கிடந்த காலத்தில் அந்தக் குழுமத்துக்குச் சோறு போட்டதே விசார்ட்ஸ் பிரிவுதான். அங்கிருந்தவர்களுக்கும் சீட்டுக் கிழிந்தது. 2025இல் ‘சிகில்’ என்ற முப்பரிமாணக் கணினி மேசையைத் திறந்து வைத்தார்கள். சில வாரங்களுக்குள் அதைச் செய்த குழுவில் ஏறத்தாழ 30 பேரை அனுப்பிவிட்டார்கள். மேசையைத் திறப்பதும் தச்சனைத் துரத்துவதும் அங்கே ஒரே விழா.

இது இந்த நிறுவனம் கண்டுபிடித்த வழக்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி, 1,000 படிகளே அச்சிட்டு, பெட்டிக்குள் கையால் அடுக்கி விற்ற விளையாட்டு இது. ஐந்தே ஆண்டில், 1979இல், ஆர்னசன் தன் உரிமைத்தொகைக்காக வழக்குப் போட வேண்டி வந்தது. 1985இல் கைகாக்ஸ் தன் சொந்தக் கம்பெனியின் தலைமையிலிருந்தே நீக்கப்பட்டார். நட்டவர்களுக்கே நிழல் கிடைக்கவில்லை.

இனி நம் வீட்டுச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். 1977இல் வந்த இந்த விளையாட்டின் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் ராட்சசன் இருக்கிறான். புலித்தலை, கையில் புகைக்குழாய்! ஆசிர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான். வால்மீகியைத் தேடாதீர்கள், கம்பனையும் தேடாதீர்கள். அந்த அம்பு ‘கோல்சாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. பத்துத் தலையும் வீணையும் நான்மறையும் உள்ள ஒரு ராட்சசன் கைவசம் இருக்கும்போது, புகைக்குழாய் பிடிக்கிற புலிதான் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. 1980இல் ‘டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ வந்தது. அதில் விஷ்ணு, லட்சுமி, காளி, எமன் எல்லாரும் உண்டு. எத்தனை அடி தாங்குவார்கள் என்ற எண்ணிக்கையோடு. கார்த்திகேயனும் உண்டு. பத்துமலையில் 140 அடி உயரத்தில் நிற்பவருக்கும் ‘ஹிட் பாயிண்ட்’ போட்டுவிட்டார்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், அவனுக்குப் பகடையும் விளையாட்டுத்தான். எழுதியவர்கள் ஒரே ஒரு முறை நம்மில் ஒருவரைக் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆத்திரம். அப்படிக் கேட்க 2022 வரை ஆனது. அந்த ஆண்டு வந்த ‘ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பில் மிமி மண்டல் போன்றவர்கள் தங்கள் மண்ணைத் தாங்களே எழுதினார்கள்.

அதே 2022இல்தான் ‘ஸ்பெல்ஜாமர்’ நூலும் வந்தது. அதில் ஹடோசீ என்று ஒரு குரங்கினம். ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, அடிமைப் படையாக விற்கப் பார்க்கிறான். அவனுடைய சீடர்கள் மனமிரங்கி விடுவிக்கிறார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கினார்கள். சிலாங்கூரில் இந்தக் கதை வேறு மாதிரி நடந்தது. 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னது நம் கோரிக்கைகளில் ஒன்று. மனமிரங்கிய சீடன் எவனும் வரவில்லை. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இதைவிட நல்ல சாகசக் கதை எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது?

விலைக்கு வருவோம். 2024இல் புதுப்பித்த மூன்று அடிப்படை நூல்கள், ஒவ்வொன்றும் 49.99 டாலர். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 600 வெள்ளி. நம் நாட்டில் 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்துவிட்டுத்தான் ஒரு தொழிலாளியின் மகன் பூதத்தோடு சண்டை போட வேண்டும். மின்வடிவில் வாங்கலாமே என்பார்கள். 2024 ஆகஸ்டில், டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் பழைய நூல்களை வாங்கி வைத்திருந்தவர்களின் பாத்திரத்தாள்களில் பழைய மந்திரங்களை அழித்துப் புதியவற்றைப் போடப்போவதாக அறிவித்தார்கள். கூச்சல் எழுந்த சில நாளில் பின்வாங்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவன் தூங்கி எழுவதற்குள் புத்தகத்தில் எழுத்து மாறும் என்பது மந்திரவாதம்தான்; அந்த அளவில் நிறுவனம் ‘விசார்ட்ஸ்’ (மந்திரவாதிகள்) என்ற தன் பெயருக்கு நியாயம் செய்திருக்கிறது.

ஆடுகிறவர்கள் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. கொடுத்த உரிமத்தைப் பிடுங்காதே. வாங்கிய நூலைத் தொடாதே. சொல்லுக்கு இத்தனை காசு என்று எழுதுகிறவனுக்கும், ராப்பகலாக வரைகிறவனுக்கும் வாழ்கிற கூலி கொடு. அவர்கள் இடத்தில் இயந்திரத்தை உட்காரவைக்காதே. 2023இல் ‘கிளோரி ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ நூலின் சில ஓவியங்களில் செயற்கை நுண்ணறிவு கலந்திருந்ததைக் கண்டுபிடித்தது கம்பெனி அல்ல, வாசகர்கள். டாலர் பார்த்து விலை போடாமல் ஊர் பார்த்துப் போடு. அரை நூற்றாண்டாக இதைச் சொல்ல ஒரு மேலாளருக்கும் வாய் வரவில்லை. பரமபதத்தின் அமெரிக்கப் பேரனான ‘ஷூட்ஸ் அண்ட் லேடர்ஸ்’ பெட்டியையும் இதே ஹாஸ்ப்ரோதான் விற்கிறது. ஏணி அவர்களுக்கு, பாம்பு நமக்கு.

நம் ஆட்களையும் விடுவதாக இல்லை. ‘இனி ஒரு காசு தர மாட்டேன்’ என்று 2023 ஜனவரியில் முழங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த பதிப்புக்கு முன்பதிவு செய்தார்கள் என்பது அவரவர் அலமாரிக்குத் தெரியும். தங்க விளிம்பு அட்டை என்றதும் புரட்சி கரைந்துவிடுகிறது. இதே மலேசியாவில் ஸெடெக் சியூ எழுத, முன் காவ் வரைய, ‘ஆயிரம் ஆயிரம் தீவுகள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறுநூல் வரிசை வந்தது; முதலையும் ஆறும் காடும் நம் பக்கத்து வாசனையோடு. உலகத்தின் மறுகோடியில் அதைக் கொண்டாடினார்கள். இங்கே எத்தனை மேசைகளில் அது ஆடப்பட்டது?

செம்பனை ஓரத்தில் சூலத்தோடு நிற்கும் முனீஸ்வரருக்கு விதி எழுத அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. 2023இல் பிடுங்கிக் கொண்டுவந்த அந்த விதித்தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. 2025இல் வந்த அடுத்த தொகுப்பை நிறுவனமே பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் கொடுத்திருக்கிறது. தமிழில் அவர்கள் கொடுக்கப்போவதில்லை. நாமே மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். மூலத்தின் பெயர், உரிமம், செய்த மாற்றம் ஆகியவற்றைச் சிறு குறிப்பில் சொன்னால் போதும். துரையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, கணக்குக் காட்ட வேண்டியதில்லை. சுங்கை சோவிலோ பத்தாங் காலியிலோ நாலு பேர் உட்கார்ந்து அந்த வேலையைத் தொடங்குங்கள்.