பாந்தர் டாங்கியின் மஞ்சள்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

இரண்டாம் உலகப் போரில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அதில் ஓடிய ஜெர்மன் டாங்கிகள் என்ன நிறத்தில் இருந்தன என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை. ஒரு சாண் நீள பிளாஸ்டிக் பாந்தரை ஒட்டி முடித்து பெயின்ட் அடிக்க உட்காருகிறவர் தெளிந்தாக வேண்டிய இவ்விவகாரத்தை, அதற்குரிய கனத்தோடு யாரும் ஆராயவில்லை என்ற குறையைப் போக்கவே இக்கட்டுரை.

மூலபாடம் தெளிவானதுதான். 1943 பிப்ரவரி 18 அன்று ஜெர்மன் தரைப்படை ஓர் ஆணை பிறப்பித்தது. அதுவரை அடர்சாம்பலில் வந்த வண்டிகள் இனி ‘டுங்கெல்கெல்ப்’ என்ற மங்கிய மஞ்சளில் வரும். அதன்மேல் திட்டுத்திட்டாக அடிக்க ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் படைப்பிரிவுகளுக்குத் தனியே வழங்கப்படும். ‘ரால்’ என்னும் ஜெர்மன் வண்ணத்தர அட்டவணையில் பச்சைக்கு 6003, செம்பழுப்புக்கு 8017 என்று எண்கள் உண்டு. மஞ்சளுக்கோ தொடக்கத்தில் எண்ணே கிடையாது, ‘மாதிரியைப் பார்த்து அடிக்கவும்’ என்பதோடு சரி. பிற்பாடு கிடைத்த எண் 7028. ரால் அட்டவணையில் மஞ்சள்களின் குலம் ஆயிரத்தில் தொடங்கும். ஏழாயிரம் சாம்பல்களுக்கு உரியது. ஆக, இம்மஞ்சள் பிறப்பால் சாம்பல். இந்த ஓர் எண்ணை வைத்தே பச்சை சாய்ந்த மஞ்சள், காவி சாய்ந்த மஞ்சள், மணல் மஞ்சள் என்று மூன்று சம்பிரதாயங்கள் கிளைத்துத் தழைக்கின்றன.

இனி உரை வேறுபாடுகள். பச்சையும் செம்பழுப்பும் போர்முனைக்குக் களிம்பாகவே டப்பாக்களில் போயின. வீரர்கள் அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்துக்கொள்ள வேண்டும். தோசை மாவு மாதிரி, கைக்குக் கை பதம் மாறும். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தால் தண்ணீர், ஸ்பிரே துப்பாக்கி மக்கர் செய்தால் பிரஷ். நீர்க்க அடித்த இடத்தில் அடியிலுள்ள மஞ்சள் பல்லிளிக்கும், கெட்டியாக அப்பிய இடத்தில் கருத்துக் கிடக்கும். ஒரே டாங்கியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருவேறு பாடங்கள் என்றால், சுத்தப் பதிப்பு கொண்டுவருவது எப்படி?

அறிஞர்கள் மூன்று கட்சியாகப் பிரிகிறார்கள். முதலாவது சில்லுக் கட்சி. போர்க்கால வண்ண அட்டையின் ஒரு சிறு சில்லே பிரமாணம் என்பது இவர்கள் கொள்கை. ஆளிவிதை எண்ணெய் கலந்த பழைய பெயின்ட் இருட்டில் வைத்தால் மஞ்சளிக்கும், வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று சொன்னால் இவர்களுக்குக் காது கேட்காது. இரண்டாவது படக் கட்சி. போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களே இவர்களுக்குச் சாட்சி. ஆனால் ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, செம்பழுப்பு அதில் ஏறக்குறைய கறுப்பாக விழும். கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பியதால் நேர்ந்த பெரும் விபத்து ஒன்றும் உண்டு. 1940 கோடை வரை ஜெர்மன் டாங்கிகளில் மூன்றில் ஒரு பங்கு அடர்பழுப்பு இருந்தது. படத்தில் அது சாம்பலோடு சாம்பலாகக் கலந்துவிட, போலந்துக்குள் நுழைந்த டாங்கிகளை உலகமே பல்லாண்டுகள் முழுச்சாம்பலாக அடித்துத் தள்ளியது.

மூன்றாவது மியூசியக் கட்சி. கண்ணால் கண்டதே மெய் என்பவர்கள் இவர்கள். இவர்களை மறுக்க மட்டில்டா என்ற பிரிட்டிஷ் டாங்கி ஒன்று போதும். 1940-41இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு, பிரிகேடியர் கான்டர் பெயரால் வழங்கும் கோணல்மாணலான பட்டைகள் அடிக்கப்பட்டன. மியூசியத்தில் நின்ற மட்டில்டாவில் அவற்றுள் ஒரு பட்டை இளநீலம். பார்த்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் இளநீலம் அடித்தார்கள். பிறகு ஆவணங்களைத் துருவியபோது, அது சில்வர் கிரே என்னும் பச்சை சாயும் சாம்பல் என்று வெளிப்பட்டது. அதற்குள் பல அலமாரிகளில் நீலம் காய்ந்துவிட்டது. அதை இடைச்செருகல் என்று ஒதுக்க இன்றும் மனம் வராதவர்கள் உண்டு. எனக்கும்கூட அந்த நீலம்தான் அழகு.

நிறம் முடிவானாலும் அளவு வாதம் மிச்சமிருக்கிறது. தொலைவில் நிற்கும் பொருள் காற்றின் ஊடே வெளிறித் தெரியும் அல்லவா? எனவே சிறிய டாங்கிக்கு அசல் நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்பது கோட்பாடு. எவ்வளவு கலப்பது? மாடல் எத்தனையில் ஒரு பங்கோ, அதைப் பொறுத்து. 1/35 என்ற புகழ்பெற்ற அளவு வந்த கதையோ வேறு. ஷிசுவோகாவின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பாந்தர் ஒன்றைச் செய்தது. உள்ளே இரண்டு பேட்டரி அடங்க வேண்டும் என்றே அதன் உடலை வடித்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறத்தாழ 1/35. தர்க்கப்படி, 1943ஆம் ஆண்டு ஜெர்மன் மஞ்சளில் எத்தனை சொட்டு வெள்ளை விடுவது என்பதை ஜப்பானிய பேட்டரியின் பருமனே தீர்மானிக்கிறது. இம்முடிவை இதுவரை எவரும் மறுக்கவில்லை. எவரும் படிக்கவில்லை என்பதும் காரணமாகலாம்.

உட்புறத்துக்கு மட்டும் சர்ச்சை இல்லை. பாந்தரின் பீரங்கிக் கோபுர உள்சுவர் தந்த வெண்மை, ரால் 1001. சிரத்தையுள்ளவர்கள் அதை எண் பார்த்து வாங்கி, மூன்று கோட்டு அடித்து, நன்றாகக் காயவைத்து, கோபுரத்தைப் பசை போட்டு மூடிவிடுகிறார்கள். பாடபேதம் ஏதுமற்ற ஒரே பகுதி அதுதான்.