புதையல் மாமா

டெல்லி அரசுக் குடியிருப்புகளில் பஜனை மாமா ஒருவர் இருப்பார், ஆர்.டி.ஐ. மாமா ஒருவர் இருப்பார், யாருக்கு எப்போது டிரான்ஸ்ஃபர் என்பதை அமைச்சகத்துக்கு முன்பே அறிந்த மாமா ஒருவரும் இருப்பார். கிழக்குக் கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பிய பிறகு, அச்சில் வார்த்தாற்போல் நிற்கும் அந்த டவர்களுக்கு நடுவே தோன்றக்கூடிய புது ரகம் புதையல் மாமா. ஜனவரி ஞாயிறு, குரங்குக் குல்லாய், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், பையில் இரண்டு பென்சில். ஒன்று தமக்கு, மற்றது “கொண்டுவரலை மாமா” என்கிறவனுக்கு. கூடியிருக்கும் பிள்ளைகளுக்கு அவர் நீட்டுகிற தாள் தணிக்கைத் துறைக் கோப்பின் நடையில் இருக்கும்: பொருள் – புதையல் தொடர்பாக; பார்வை – பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகம், பாடம் 4. கணக்குகளைப் போட்டால் எண்கள் வரும். எண்களைச் சேர்த்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். அவற்றைப் போனில் தட்டிக்கொண்டு போனால் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் கிடைக்கும். அதற்குள் கையெழுத்துப் போட ஒரு சிறு நோட்டு, ஆளுக்கொரு கடலை மிட்டாய், அடுத்த வாரக் கணக்கு. பரிசு என்று ஆசையாகத் திறந்தவனுக்கு வீட்டுப்பாடம்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், சிரிக்கவும் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் நடக்காத ஒரு காரியத்தை இவர் செய்கிறார்: தப்பான விடைக்கு அளவு வைக்கிறார். அவருடைய கணக்கு ஒன்று இப்படி இருக்கும். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணின் ஐந்து மடங்கைக் கழித்தால் 24; எண் என்ன? விடை 8. மைனஸ் 3-ம் பொருந்தும். ஆனால் தரையில் மைனஸ் இலக்கத்துக்கு இடமில்லாததால் அதைத் தள்ளிவிட வேண்டும். காரணிப்படுத்தும்போது குறியை மாற்றிப் போட்டவனுக்கு 3 வரும். அந்த விடை அட்சரேகை நிமிடத்தின் இரண்டாம் தசம இலக்கம் என்று வையுங்கள். அங்கே ஒன்றுக்குப் பதினெட்டரை மீட்டர். ஐந்து குறைந்தால் 92 மீட்டர் சொச்சம். எனவே பையன் தெற்கே மதிலோரம் போய்ச் செடியை விலக்கிக்கொண்டிருப்பான். நாலாம் மாடி பால்கனியில் தேநீரோடு நிற்கும் மாமாவுக்கு விடைத்தாளே வேண்டியதில்லை. பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்த்தே, “குறியை மாத்திட்டான்” என்று சொல்லிவிடுவார். அதே தவறு தீர்க்கரேகையில் நேர்ந்தால் தண்டனை கொஞ்சம் குறைவு. தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குவதால் டெல்லியில் அந்த இலக்கம் ஒன்றுக்குப் பதினாறு மீட்டர்தான், கன்னியாகுமரியில் பதினெட்டு. டிகிரியை மட்டும் மாமா கணக்காகக் கேட்பதில்லை, இனாமாகக் கொடுத்துவிடுவார். அட்சரேகை டிகிரியில் ஒன்று கூடினால் பிள்ளையை 111 கிலோமீட்டர் தள்ளி, ஷாம்லி பக்கத்துக் கரும்புக் காட்டில் தேட வேண்டியிருக்கும். அம்மாக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்கா பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. பிழை 100 மீட்டர் வரை போகும். அதாவது நம் பையனின் 92 மீட்டர் தப்பு அந்தக் காலத்தில் தப்பாகவே தெரிந்திராது. கிளிண்டன் அரசு அந்தத் திரையை விலக்கிய கையோடு, மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்துக்கு அருகே ஒரு வாளியைப் புதைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். ஜியோகேச்சிங் அங்கே பிறந்தது. அந்த வாளியில் இருந்தவற்றில் ஒன்று பீன்ஸ் டப்பா என்பதால், கடலை மிட்டாயைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நம் போன்களுக்கு இன்றும் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வரை தடுமாற்றம் உண்டு. உயரமான டவர்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் இன்னும் கூடும். ஆகவே இரண்டு மீட்டர்கூடப் பெறாத மூன்றாம் தசம இலக்கத்துக்குக் கடினமான கணக்கை வைப்பது வீண் என்பது தேர்ந்த புதையல் மாமாவுக்குத் தெரியும். தேராதவர் அங்கேதான் முக்கோணவியலை வைப்பார்.

பள்ளியில் படிக்குப் படி மதிப்பெண் உண்டே, அங்கேயும் தப்புக்கு மதிப்பிருக்கிறதே என்பார்கள். உண்டுதான். ஆனால் அது எந்தப் படி வரை சரி என்று சொல்லுமே தவிர, விடை எவ்வளவு தூரம் விலகியது என்று சொல்லாது. நம் பழைய ஆசிரியர்களுக்கு இது புரிந்திருந்தது. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழக் கணக்கு ஒன்று உண்டு: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை. சரியா தப்பா, தப்பானால் எத்தனை சுளை தப்பு என்று பழத்தை அறுத்தே பார்த்துவிடலாம். வாத்தியார் தயவு வேண்டாம். போனே கணக்கைப் போட்டுவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். போடட்டும். அதனால்தான் மாமா, “இஸ்திரிக்காரரிடம் சட்டை ஒன்றுக்கு எவ்வளவு என்று கேட்டு, அதை ஏழால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்” என்று எழுதுகிறார். அந்த ரேட் எந்தச் செயலிக்கும் தெரியாது. கேட்கிற ஆளைப் பொறுத்து இஸ்திரிக்காரர் அதை மாற்றிச் சொல்லும் நாளில் மாமாவின் புதையலும் இடம் மாறிவிடும். அது வேறு விஷயம்.

கனமான ஆட்சேபம் போலீஸ்காரருடையது. 1985 மே மாதம் டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஒளித்துவைத்த குண்டுகள் வெடித்த ஊர் இது. பக்கத்துச் சரோஜினி நகர் சந்தையில் 2005 அக்டோபர் 29 அன்று குண்டு வெடித்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே என்று கேட்டு வளரும் பிள்ளையிடம், புதருக்குள் இருக்கும் டப்பாவை எடுத்துத் திற என்று சொல்வது அபத்தம் மட்டுமல்ல, குற்றம். இதில் போலீஸ்காரர் பக்கமே நியாயம். விவரம் தெரிந்த மாமா டப்பாவை ஒளிப்பதில்லை. செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு, காய்கறிக் கடைக்காரரிடம் கொடுத்துவைப்பார், இல்லையென்றால் இஸ்திரி மேஜைக்கடியில் வைப்பார். அங்கேயே உள்ள பழைய தரியா கான் கல்லறைப் பக்கம் வேட்டை போனால் படிகளை எண்ணுவதோடு சரி. பாதுகாக்கப்பட வேண்டிய இடத்தில் எதையும் செருகிவைக்க மாட்டார். ஒளிக்காத பொருள் எப்படிப் புதையலாகும் என்று கேட்கலாம். 92 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு அது ஒளிந்துதான் இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் மாமாவிடம் பதில் கிடையாது. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண் கணக்கைப் போட, மற்ற பதினொரு பேரும் பென்சிலைக் கடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். தாள் ஆளுக்கொன்று, மூளை மொத்தத்துக்கும் ஒன்று. இதைத் தடுக்க அவர் வேறு வேறு தாள் கொடுத்தால், “அவுட் ஆஃப் சிலபஸ், அங்கிள்” என்று பஞ்சாபி வீட்டுப் பையன் சட்டம் பேசுவான். ஆனாலும் அந்தப் பெண் ஒரு நாள் குறியை மாற்றிப் போடத்தான் செய்வாள். பன்னிரண்டு பேரும் மதிலோரம் நின்று விழிப்பார்கள். அன்றைக்குத்தான் மற்றவர்கள் தங்கள் தாளை முதல் தடவையாக விரித்துப் பார்ப்பார்கள்.

ஆகவே, அப்படி ஒருவர் உங்கள் வீட்டு அழைப்பு மணியை அடித்தால் பிள்ளையை அனுப்பிவையுங்கள். தண்ணீர் பாட்டில் போதும், பென்சில் அவர் தருவார். நீங்களும் கூடப் போவதானால் தயவுசெய்து விடை சொல்லிக்கொடுக்காதீர்கள்; பத்தாம் வகுப்பை நீங்கள் விட்டு எத்தனை மீட்டர் தள்ளி வந்துவிட்டீர்கள் என்பதை பால்கனியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.