நடுவழியில் நின்றுபோகும் சட்டப் பிரிவு அவர்களுக்கு

அனுப்புநர்:
ஒரு பழைய காரின் உரிமையாளர்,
கோடம்பாக்கம், சென்னை.

பெறுநர்:
மாண்புமிகு பிரிவு 52 அவர்கள்,
மோட்டார் வாகனச் சட்டம், 1988.

பொருள்: ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் நோய் – என் வண்டிக்கும் தங்களுக்கும் – தொடர்பாக.

பார்வை: 1. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 9.1.2019. 2. மெக்கானிக் பாய் வாய்மொழியாகச் சொன்னது.

ஐயா,

வணக்கம். கம்பெனி என்ன எழுதிக் கொடுத்து வண்டியை விற்றதோ, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் அதற்கு மாறாகப் போகும்படி உரிமையாளர் கைவைக்கக் கூடாது என்பது தங்கள் கட்டளை. கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டது. அதே 2019-ல் தங்களுக்குத் துணையாக 182ஏ என்று ஒருவரும் வந்து சேர்ந்தார். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஒவ்வொன்றுக்கும் என்ற இடத்தில்தான் எனக்கு வியர்க்கிறது.

மாற்றமே ஆகாது என்னும் தங்களையே 2000-ல் ஒரு தடவையும் 2019-ல் ஒரு தடவையும் மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். 1988-ல் தயாரிப்பாளர் கொடுத்த ஒரிஜினல் பீஸ் தாங்கள் இல்லை. அதற்கு எண்டார்ஸ்மெண்ட் போட்டாயிற்றா, கட்டணம் எவ்வளவு என்றெல்லாம் கேட்க எனக்கு வயதில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

என்னுடையது மாருதி 800. 2008 மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். கம்பெனி அந்த மாடலையே 2014-ல் நிறுத்திவிட்டது. என் வண்டி அதற்குச் சில காலம் கழித்துத்தான் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டதுபோல் நிற்க ஆரம்பித்தது. செகண்ட் ஹேண்டாக வாங்கியது. விற்றவர் ஷூட்டிங்குக்கு வண்டி விடுகிறவர். எங்கள் பேட்டையில் அது ஒரு தொழில். ஒரே அம்பாசடர் காலையில் கலெக்டரை ஏற்றிக்கொண்டு வரும், மத்தியானம் கடத்தல்காரரை, சாயங்காலம் மாப்பிள்ளையை. கதவைக் கழற்றி கேமரா கட்டுவார்கள். வெள்ளை ஜீப்புக்கு போலீஸ் வேஷம் போட்டு, அடுத்த நாளே கலைப்பார்கள். ஐயாயிரம் ஐயாயிரமாகத் தாங்கள் கணக்கு எழுதினால் ஆற்காடு சாலையில் ஒரு படமும் முடிந்து வெளியே வராது. தாங்கள் எழுதுவதில்லை. அதற்கு நன்றி.

வண்டியின் நோய் இதுதான். காலையில் நன்றாக ஓடும். உச்சி வெயிலில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைச் சுருக்கிய இடத்தில் ஊர்ந்து, கோடம்பாக்கம் பாலம் ஏறும்போது நின்றுவிடும். பின்னால் வருகிற பஸ்காரர் என் பரம்பரையை விசாரிப்பார். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கக் கொண்டுபோனபோது, ஆய்வாளர் எதிரில் குலவிளக்குபோல் நின்று எரிந்தது. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற கடையிலும் 'கோடு எதுவும் இல்லை சார்' என்று பில் கொடுத்தார்கள்.

கடைசியில் ட்ரஸ்ட்புரம் பக்கம் ஒரு பாயிடம் போனேன். அவர் பானெட்டைத் தொடவே இல்லை.

"நிக்குதுன்னு சொல்லாதீங்க சார். எப்டி நிக்குது? இருமி, இழுத்து, ரெண்டு குலுக்கு குலுக்கி நிக்குதா? இல்ல, பட்டுனு சாவிய ஆஃப் பண்ணாப்ல நிக்குதா?"

"பட்டென்றுதான் பாய்."

"அப்ப பெட்ரோல் இல்ல. கரண்டு."

அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் வரத்து குறைந்தால் இன்ஜின் பசித்த ஆள்போலத் திணறித்தான் விழும். கரண்டு போனால் திணற நேரமே இருக்காது.

பெட்ரோல் இல்லை என்றதும், அதுவரை எத்தனாலைத் திட்டிக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரருக்கு முகம் வாடிவிட்டது. இன்று எந்த வண்டி எங்கே நின்றாலும் முதல் குற்றவாளி இ20 பெட்ரோல்தானே. இதில் ஒரு சந்தேகம், ஐயா. என் ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்று மட்டும்தான் இருக்கிறது. இப்போது டேங்கில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர் ஹோஸுக்கு அது ஆகாது, தண்ணீரை இழுக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, பத்து சதவீத எத்தனால் கலந்த இ10-க்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லிற்று. என் வண்டிக்குள் நான் ஒரு ஹாரனை மாற்றினால் கம்பெனி சொன்னதற்கு விரோதம். கம்பெனி சொன்ன பெட்ரோலையே வேறு ஒருவர் மாற்றினால் அது தேசியத் திட்டம். சரி, இந்த வழக்கில் எத்தனால் நிரபராதி. விட்டுவிடுவோம்.

பாய் அடுத்ததாக ஒரு சின்ன பல்பை எடுத்தார். இன்ஜினின் மூளைக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்டு போகிற ஒயரில் ஒரு முனை, பாடியில் எர்த்துக்கு ஒரு முனை. பல்பை டாஷ்போர்டு மேல் செல்லோடேப் போட்டு ஒட்டினார். "ரோட்ட பாருங்க, இதையும் பாருங்க. வண்டி நிக்கும்போது இது எரிஞ்சா வேற கத. இதுவும் அணைஞ்சா நம்ம ஆளு இந்த ஒயர்லதான் குந்திக்கினு இருக்கான்."

பாலத்தின் மேல் பல்பும் இன்ஜினும் ஜோடியாக அணைந்தன. சாவியைத் திருப்பினேன். முதல் இரண்டு விநாடி பின் சீட்டுக்கு அடியில் 'உய்ய்' என்று கேட்க வேண்டிய பம்ப் சத்தமும் இல்லை.

திரும்பி வந்ததும் டாஷ்போர்டைக் கழற்றினார். கம்பெனி ஒயர்களின் கட்டுக்குள் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவப்பு ஒயர், முறுக்கி டேப் சுற்றியது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடை வாசம் வீசும் ஒரு ரிலே. பாய் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்; மாடியில் குடியிருக்கும் மேக்கப்மேன் ஹேர் டிரையரோடு இறங்கி வந்தார். சூடான காற்றை ரிலேயின் முதுகில் காட்டினார்கள். சிறிது நேரத்தில் 'டிக்'. பல்பு அணைந்தது. ஈரத்துணியால் தொட்டார்கள். மறுபடி 'டிக்'. எரிந்தது. சூடு ஏறினால் உள்ளே இருக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஏறும், காந்தப் பிடி தளரும், ஏற்கெனவே கருகிய பாயிண்ட் விட்டுவிடும் என்று பாய் விளக்கினார்.

ரிலேயிலிருந்து இன்னொரு ஒயர் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடி, பின் சீட் காலடியில் ஒரு ஸ்விட்சில் முடிந்தது. மேக்கப்மேன்தான் அடையாளம் காட்டினார். காட்சிப்படி கதாநாயகி ஓட்டிவரும் கார் மழையில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். கதாநாயகன் வந்து பானெட்டைத் திறக்க வேண்டும். கதாநாயகிக்கு கிளட்சே தெரியாது. ஆகவே பின் சீட்டுக்குக் கீழே சுருண்டு கிடக்கும் உதவி இயக்குநர் தட்டுவார், கார் நிற்கும். படம் ஓடியதோ இல்லையோ, வண்டி இன்னும் அந்தக் காட்சியை நடித்துக்கொண்டிருக்கிறது.

இனித் தங்கள் நோய்க்கு வருகிறேன்.

தாங்களும் விட்டு விட்டுத்தான் ஓடுகிறீர்கள். சைலன்சர் மாற்றிய பையன் வந்தால் ஒரே உதையில் ஸ்டார்ட். ஜி.பி. ரோட்டில் பம்பர் கம்பியும் கலர் விளக்கும் பில் போட்டு விற்கும்போது சத்தமே இல்லை. அதை மாட்டிக்கொண்டு அண்ணா சாலைக்கு வந்தபிறகு சில நாள் ஸ்டார்ட், பல நாள் இல்லை. 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் தங்கள் பெயரைச் சொல்லியே, முன்னால் கம்பி மாட்டிய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது உச்ச நீதிமன்றம் 2012-ல் தடுத்த காரியம். அது தங்கள் இலாகா இல்லை, உறவுக்கார விதி ஒன்றின் வேலை, ஆனால் குடும்ப நோய் அதேதான். கம்பி, கறுப்புக் கண்ணாடி, முன்னால் கொடி, மூன்றும் சேர்ந்து ஒரு பெரிய வண்டி வருகிறது. அப்போது தாங்கள் எங்கே?

ஆள் பற்றாக்குறை என்று பதில் வரும். வாகனப் பெருக்கம், பணிச்சுமை என்றும் வரும். இவையெல்லாம் பெட்ரோல் பக்கத்துக் காரணங்கள், ஐயா. பெட்ரோல் குறைந்த சட்டம் பையன் முன்னாலும் இருமும், கொடி முன்னாலும் இருமும். எல்லார் முன்னாலும் ஒரேபோல் இழுத்து, குலுக்கி நிற்கும். தாங்கள் அப்படி நிற்பதில்லை. கொடி கண்ணில் பட்ட கணத்தில், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நிற்கிறீர்கள். அந்த வண்டி போன பின் பழையபடி ஸ்டார்ட். பாய் பாஷையில் சொன்னால், இது கரண்டு. எங்கேயோ ஒரு ஒயர் கட்டுக்குள் தயாரிப்பாளர் போடாத ஒரு சிவப்பு ஒயர் ஓடுகிறது. அதன் மறுமுனை பின் சீட்டில் யாருடைய காலடியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் எனக்கு ஒரு தீர்வு தேவை. ரிலேயையும் ஸ்விட்சையும் பாய் கழற்றிவிட்டார். ஒயரை முறுக்கி விடாமல் சால்டரிங் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டிருக்கிறார். பாலம் ஏறுகிறது, பஸ்காரர் என் முன்னோரை மறந்துவிட்டார். ஆனால் நான் வாங்கும்போது இருந்த வண்டி இது இல்லை. கம்பெனி விற்றபோது இருந்த வண்டிக்குச் சமமாகிவிட்டது. இப்படிப் பழையபடி ஆக்கியதும் மாற்றமா? ஆம் என்றால் ரிலேக்கு ஐயாயிரம், ஸ்விட்சுக்கு ஐயாயிரம் என்று தனித்தனியாகவா, ஒரே காட்சிக்காக வைத்தது என்பதால் சேர்த்தா? அபராதம் நான் கட்டுவதா, கதாநாயகன் கட்டுவதா? கூடிய சீக்கிரம் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வண்டி உரிமையாளர்.

இணைப்பு: ரிலே ஒன்று, பன்னிரண்டு வோல்ட், கருகியது. தங்களுடையதைத் தேடும்போது மாதிரிக்கு வைத்துக்கொள்ளவும். திருப்பி அனுப்ப வேண்டாம்.