பாலிசியில் இடமில்லை

பேட்டைக்கு ஒருவர் இப்படி இருப்பார். எங்கள் பேட்டையில் இருப்பவர் ஹெரால்டு சார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. தெருவுக்கு அவர் ஹெரால்டு சார்தான். காரணம், அவர் வீட்டு போர்ட்டிகோவில் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கும் 1960களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாம்பரம் தாண்டி வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் பிறந்த, 948 சிசி, இரண்டு கதவு வண்டி. அதன் பானெட், மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே துண்டாக முன்னால் சாயும். அப்படிச் சாய்த்துவிட்டு, முன் டயரின் மேல் உட்கார்ந்து, நல்லபடியாக இருக்கும் கார்புரேட்டரைக் கழற்றி மறுபடி மாட்டுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

இதுவரை சொன்னது எல்லாப் பழைய கார்ப் பிரியர்களுக்கும் பொருந்தும். ஹெரால்டு சாரின் தனிச்சிறப்பு, டாஷ்போர்டுப் பெட்டியில் லேமினேட் செய்து வைத்திருக்கும் இரண்டு காகிதங்கள். ஒன்று விண்டேஜ் வாகன விதி. இன்னொன்று இன்ஷூரன்ஸ் பாலிசியின் பயன்பாட்டு வரம்புப் பக்கம். நாமெல்லாம் பாலிசியில் பிரீமியத் தொகையையும் கடைசித் தேதியையும் மட்டும்தான் படிப்போம். அவர் நடுவில் இருப்பதைப் படித்தவர்.

முதல் காகிதம் 2021 ஜூலையில் வந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் ஆகி, அசல் உருவம் கெடாமல் இருக்கும் வண்டியை விண்டேஜாகப் பதியலாம் என்று மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு பகுதியைச் சேர்த்தது. கட்டணம் 20,000 ரூபாய்; பதிவு பத்து வருஷம் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்காக மட்டுமே ரோட்டில் இறங்கலாம்.

இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் மனம் உடைந்தார்கள். ஹெரால்டு சாருக்கோ வானமே திறந்தது. 'பெட்ரோல் போடுவது' என்று எழுதியவர்கள் எந்த பங்கில் என்று எழுதவில்லையே!

அவருக்கு ராசியான பங்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது. வீட்டிலிருந்து அங்கே போவதற்குள் நாலு பங்க் வரும். "அங்கெல்லாம் பெட்ரோல் சுத்தம் போதாது சார்" என்பார். போட்டுக்கொள்வது ஐந்தே லிட்டர். வீடு திரும்புவதற்குள் முக்கால்வாசி தீர்ந்துவிடும் என்பதால் அடுத்த வாரமும் பெட்ரோல் போடப் போகவேண்டியிருக்கும். வழியில் கடலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்திக் காப்பி குடித்தால் அது தொழில்நுட்ப ஆராய்ச்சி: எஞ்சின் ஆற எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கிறார். மார்கழியில் சபா வாசலில் நிறுத்திவிட்டுக் கச்சேரிக்குள் போனால் அது கண்காட்சி. நாலு பேர் வந்து பார்க்கத்தானே செய்கிறார்கள்?

இரண்டாவது காகிதம் இன்னும் ருசியானது. நம் எல்லோருடைய கார் பாலிசியிலும் இருப்பதுதான். வாடகைக்கோ வெகுமதிக்கோ ஓட்டக்கூடாது, மாதிரிப் பொருள், சொந்த லக்கேஜ் தவிர சரக்கு ஏற்றக்கூடாது, பந்தயம் கூடாது, பேஸ் மேக்கிங், ஸ்பீட் டெஸ்டிங், ரிலையபிலிட்டி டிரையல் எதுவும் கூடாது. இதில் பாதி அவருடைய வண்டிக்குத் தேவையில்லாத கவலை. பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனில் அழுத்திச் சொல்வதே அதைத்தான். ரிலையபிலிட்டி டிரையல் என்பதற்கு வண்டி நம்பகமாக ஓடுகிறதா என்று சோதிக்கும் போட்டி என்று வீட்டம்மாவுக்கு விளக்கினார். அம்மா சொன்னார்: "ஏங்க, நீங்க ஒவ்வொரு தடவை சாவி போடறதே அதானே?"

பத்திரத்தின் முழுப் பயனும் தெரிவது யாராவது வண்டி கேட்டு வரும்போதுதான். போன வைகாசியில் ஒன்றுவிட்ட தம்பி வந்தார். பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெரால்டு வந்தால் களையாக இருக்கும்.

"ஹையர் ஆர் ரிவார்டுல வருதுப்பா. பாலிசியில இடமில்லை."

"அண்ணே, வாடகைக்கா கேக்கறேன்?"

"வாடகை தரமாட்டே. ஆனா தாம்பூலப் பையில வேட்டி வைப்பியா, மாட்டியா?"

"வைக்காம இருப்பேனா?"

"அதான் ரிவார்டு."

தம்பி பொலேரோவில் பூக்கட்டிக்கொண்டு போனார். வேட்டி மட்டும் வந்து சேர்ந்தது. வண்டி போகாததால் அது வெகுமதி ஆகாது என்று அதை வாங்கிக்கொண்டார்.

வீட்டம்மா 25 கிலோ அரிசி மூட்டை வாங்கிவரச் சொன்னால் அது சரக்கு, இடமில்லை. புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து விண்டேஜ் கார் கிளப் நண்பருக்காக ஒரு கியர்பாக்ஸ் பின்சீட்டில் வந்தால் அது மாதிரிப் பொருள். மைத்துனரை ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவது அன்றாட ஓட்டம். மைத்துனர் ஊருக்குப் போன சந்தோஷத்தில் கடற்கரை வரை போய்வருவது பராமரிப்பு. பேட்டரி சார்ஜ் ஏறவேண்டாமா? இப்படி ஒரே காகிதம் அவர் பக்கம் திறந்தும், மற்றவர் பக்கம் மூடியும் இருக்கிறது. வரம்புகளைப் பற்றி ஊரெல்லாம் புலம்புவார். நாளைக்கே அவற்றை எடுத்துவிட்டால் முதலில் கோர்ட்டுக்குப் போகிறவர் அவராகத்தான் இருப்பார். உறவுக்காரர்களிடம் "தரமாட்டேன்" என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதருக்கு, அதைச் சொல்ல ஒரு கம்பெனி அமைந்திருக்கிறது!

உண்மையான மனக்குறை வேறு. 2002இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப், 1940 டிசம்பர் 31க்கு முன் தயாராகி, விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று பெற்ற வண்டிக்குத்தான் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசி தரலாம் என்றது. அதாவது வண்டி அடியோடு போனால், முன்பே பேசிவைத்த தொகை தேய்மானக் கழிவில்லாமல் கைக்கு வரும். சொந்தச் சேதப் பிரீமியத்தில் 25 சதவீதத் தள்ளுபடி வேறு. ஹெரால்டோ ஆர்.டி.ஓ. கண்ணுக்குத் தாத்தா, டாரிஃப் கண்ணுக்குப் பேரன். கிளப் கூட்டத்தில் 1930களின் ஆஸ்டின் வைத்திருப்பவர் "உங்களுது புது வண்டிதானே" என்று விசாரித்த அன்று சார் டிபன் சாப்பிடாமலே வந்துவிட்டார்.

ஆறுதல் ஒன்று உண்டு. 2022 ஜூன் முதல் 1000 சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 2,094 ரூபாய் என்று ஆயிற்று. விண்டேஜாகப் பதிவான காருக்கு அதில் பாதி. வரி நீங்கலாக 1,047 ரூபாய். மிச்சமான 1,047 ரூபாயைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்கு அதைவிட அதிகமாகக் காப்பி செலவாகியிருக்கும்.

ஒருமுறை தென்னை மட்டை பானெட்டில் விழுந்து, உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியது. சர்வேயர் வந்தார்; சின்னப் பையன். வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, "பானெட் எந்தப் பக்கம் சார் திறக்கும்?" என்றார். அவ்வளவுதான். சார் சாய்த்துக் காட்டினார், டயரில் உட்காரவைத்தார், 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பும் அழகைத் தெருவிலேயே ஓட்டிக் காட்டினார். பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்பு பாகத்தில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், ரப்பரிலும் பாதி, பெயிண்டிலும் பாதி என்று பையன் சொல்லவந்தது சாயங்காலம் வரை வாயிலேயே நின்றது. "புது பானெட்டுக்கு பில் இருக்கா சார்?" என்று கடைசியில் கேட்டார். புதுப்பேட்டையில் பேரம் படிந்தால் பொருள் கிடைக்கும். பில் எங்கே கிடைக்கும்? கிளெய்மே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையன் மட்டும் இப்போது மாதம் ஒரு ஞாயிறு வந்து கார்புரேட்டர் கழற்றுகிறார்.

சமீபத்தில் ரேலி முடிந்து, கிளப் நண்பர்கள் பன்னிரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார் சார். எல்லோருக்கும் அடையும் அவியலும் என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். அம்மா மிக மரியாதையாக வெளியே வந்து, வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, லேமினேட் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"என் சமையலறைக்கும் அம்பது வருஷம் ஆகப்போகுதுங்க. அசல் உருவம் மாறலை. நீங்க ஒரு மிக்சிகூட மாத்திக் குடுக்கலை. இனிமே அது கண்காட்சிக்கு மட்டும். பன்னெண்டு பேருக்கு அடை ஊத்தறது அன்றாட ஓட்டத்துல வருது."

நண்பர்கள் சிரித்தார்கள். சார் மட்டும் காகிதத்தைத் திரும்ப வாங்கி, விதிவிலக்கு ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழாகத் தேடினார். அம்மா, "பெட்ரோல் போடலாம்னு போட்டிருக்கே, அது மட்டும் உண்டு" என்று ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.