லிட்டருக்கு நூறு

2002 ஏப்ரலில் நான் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் மாணவன். ஞாயிறுதோறும் போன் கார்டு வாங்கி, கோவை கணபதியில் இருக்கும் அப்பாவின் லேத் பட்டறைக்குப் பேசுவேன். ஞாயிற்றுக்கிழமையும் அவர் அங்கேதான் இருப்பார். அந்த வாரம் சொல்ல எனக்கொரு பெரிய சேதி இருந்தது.

"லிட்டருக்கு நூறு கிலோமீட்டர் ஓடற கார் பண்ணிட்டாங்கப்பா."

"வண்டியா, காரா கண்ணு?"

"கார்ங்கப்பா. ரெண்டு பேர் உக்காரலாம்."

"என்ன வெலை?"

"விக்கறதுக்கு இன்னும் வரலீங்கப்பா."

கொஞ்ச நேரம் பின்னால் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப வந்தப்புறம் சொல்லு சாமி" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த வாரம் எங்கள் ஊர் முழுக்க அதே பேச்சு. பக்கத்து ஊரான வோல்ஃப்ஸ்பூர்கிலிருந்து ஹாம்பர்க் வரை, ஃபோக்ஸ்வேகன் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெஹ் தானே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். பதவியிலிருந்து விடைபெறும் வாரம் அது. அவருக்கு 65 வயது நிறையும் வாரமும்கூட. சுமார் 230 கிலோமீட்டர் தூரம் ஓடியதில் 100 கிலோமீட்டருக்கு 0.89 லிட்டர் டீசல்தான் ஆனது. மொத்தக் கணக்கு இரண்டு லிட்டர் சொச்சம்.

அந்தக் காரின் அளவுகளை நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எடை 290 கிலோ. அகலம் 1.25 மீட்டர். ஓட்டுபவருக்குப் பின்னால் இன்னொருவர், பைக்கில் உட்காருவதுபோல உட்கார வேண்டும். 299 சிசியில் ஒரே சிலிண்டர், 8.5 குதிரைத்திறன். சட்டம் மெக்னீசியம், மேல்தோல் கார்பன் ஃபைபர். பக்கக் கண்ணாடிகளுக்குப் பதில் கேமரா, ஏனென்றால் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தால் காற்று தடுக்கும். காற்றுத்தடை எண் 0.159. அன்றைக்குத் தெருவில் ஓடிய நல்ல கார்களில் அது 0.3 ஒட்டி இருந்தது. இரவெல்லாம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷத்தில் எல்லோரும் இதில்தான் போவோம் என்று மனதார நம்பினேன்.

வேலை கிடைத்ததும் 2006இல் நான் வாங்கிய முதல் கார் ஃபோக்ஸ்வேகனின் லூப்போ த்ரீ-எல். பழைய கார்தான். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் என்ற இலக்கைத் தொட்டு 1999இல் விற்பனைக்கே வந்த கார் அது. சாதாரண லூப்போவைவிட விலை கணிசமாக அதிகம். 2005இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் என் கைக்கு வந்தது. டீசல் போடும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்தேன். அப்பாவிடம் கற்ற பழக்கம் அது. அவருடைய டிவிஎஸ் 50க்குப் பட்டறைச் சுவரிலேயே சாக்பீஸ் கணக்கு உண்டு. என் நோட்டில் வருஷ சராசரி 3.4 லிட்டர் வந்தது. நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 29 கிலோமீட்டர்.

2008இல் அப்பா வந்திருந்தார். காரில் ஏறும் முன் பின்கதவை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். "இது இரும்பில்லையே" என்றார். அலுமினியமும் மெக்னீசியமும் என்று சொன்னேன். இரண்டு விரலால் தூக்கினார், தூக்க முடிந்தது. முதல் சிக்னலில் நின்றதும் சில நொடிகளில் எஞ்சின் தானாக அணைந்தது. "ஆஃப் ஆயிடுச்சு கண்ணு!" என்று பதறினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், மறுபடி ஓடியது. "அதுவே ஆஃப் பண்ணிக்குமுங்கப்பா. எக்கோ பட்டன் போட்டிருக்கு." ரயில்வே கேட்டில் டிவிஎஸ் 50ஐத் தன் கையால் அணைத்துவிட்டு, கேட் திறக்கும் வரை தரையில் கால் ஊன்றி நிற்கும் மனிதர் அவர். அன்று முழுக்க ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் அணைவதற்குக் காத்திருந்து தலையாட்டினார். அந்த மாதிரி அவர் வேறு எதையும் மெச்சி நான் பார்த்ததில்லை.

2013இல் அந்த ஒரு லிட்டர் கார் கடைசியில் விற்பனைக்கு வந்தது. பெயர் எக்ஸ்எல்1. இப்போது இருவரும் ஏறக்குறையப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு ஒரு மின்மோட்டார், எடை 795 கிலோ, ஆய்வுக்கூடக் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர். ஓஸ்னாப்ரூக் ஆலையில் பெரும்பாலும் கைவேலையாகவே செய்தார்கள். மொத்தம் 250 கார்கள். ஒன்றின் விலை 1,10,000 யூரோவுக்கு மேல்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் போனில் படம் காட்டினேன். மேல்நோக்கித் திறக்கும் கதவு, மூடிய பின்சக்கரம் எல்லாவற்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ் வருது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஏனென்றால் அதுதான் என் பிழைப்பு. நான் காரின் உடல்பாகங்களை அடிக்கும் டை வடிவமைக்கிறவன். பிரஸ் ஷாப்பில் இரும்புத் தகடு ஒரு முனையில் நுழையும். வரிசையாக நிற்கும் நாலைந்து பிரஸ்கள் நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து அடி அடிக்கும். மறுமுனையில் கதவு கதவாக வந்து விழும். டை செய்ய ஆகும் பெரும் பணம் லட்சக்கணக்கான கதவுகளில் பங்கு பிரிந்துவிடும். கார்பன் ஃபைபரில் அது நடக்காது. நெய்த துணியை வெட்டி, அச்சில் படியவைத்து, பிசினை அழுத்திச் செலுத்தி, சூட்டில் இறுக விட வேண்டும். ஒரு பாகத்துக்கே நிமிஷக் கணக்கில் அச்சு அடைபட்டுக் கிடக்கும். மூலப்பொருளும் இரும்பைவிடப் பலமடங்கு விலை.

இதைச் சொன்னதும் அப்பா பக்கத்தில் கிடந்த பில் புக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் சாதாரணக் கார் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கார் 1 லிட்டர். ஒரு காருக்கு வருஷம் 400 லிட்டர் மிச்சம். 250 கார்களுக்கு 1 லட்சம் லிட்டர். அடுத்த வரியில், பத்து லட்சம் சாதாரணக் கார்களில் 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைத்தால் என்று எழுதினார். 5 கோடி லிட்டர். ஐந்நூறு மடங்கு. பென்சிலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினொரு வருஷத்துக்கு முன் போனில் அவர் ஏன் விலையைக் கேட்டார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்தக் காரைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கே எவ்வளவு வீணாகிறது என்பதை அந்தக் கார் போல வேறெதுவும் காட்டியிருக்காது. ஆனால் நான் இருபது வருஷமாகப் பார்த்தது வேறு. மாதிரிக் காரின் எண்ணுக்குக் கைதட்டுகிறோம். அது வீதிக்கு வரும்போது பணக்காரர் வீட்டு ஷெட்டில் போய் நின்றுவிடுகிறது. லிட்டரை எண்ணிப் போடுகிறவனுக்கு அது எட்டுவதே இல்லை. அதே காலத்தில் ஜெர்மன் வீதிகளில் எஸ்யூவிகள் பெருத்துக்கொண்டே போயின. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகனின் டீசல் புகை மோசடி வெளியே வந்ததும், சிக்கன டீசல் என்ற சொல்லுக்கே மரியாதை போய்விட்டது. அதன் பின் யாரும் அந்தத் திசையில் திரும்பவில்லை.

சாதாரண ஜனங்களுக்கு அருகே வந்த கார் ஒன்று உண்டு, பிஎம்டபிள்யூ ஐ3. கார்பன் ஃபைபர் கூண்டோடு 2013இலிருந்து 2022 வரை லைப்ஸிக் ஆலையில் 2,50,000 கார்கள் செய்தார்கள். எக்ஸ்எல்1 போல ஆயிரம் மடங்கு. தொடக்க விலை 34,950 யூரோ. கார்பனை இவ்வளவு எண்ணிக்கையில் செய்ய முடியும் என்று நிரூபித்த கார் அது. ஆனாலும் அதற்கு வாரிசு வரவில்லை.

இப்போது பேச்செல்லாம் மின்சாரத்தில். 2022இல் மெர்சிடிஸ் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற மாதிரிக் கார் ஒரே சார்ஜில் தெற்கு ஜெர்மனியிலிருந்து பிரான்சின் தென்கடற்கரைக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 100 கிலோமீட்டருக்கு 8.7 யூனிட். அதில் கற்றதை வைத்து 2025இல் சிஎல்ஏ வந்தது. இந்த முறை கார்பன் கூட்டை நாடவில்லை. சிலிக்கான் கார்பைடு இன்வெர்ட்டர், 800 வோல்ட் அமைப்பு, காற்றை வழுக்கவிடும் வடிவம், இவற்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இவை ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யக்கூடியவை. 12 யூனிட்டுக்குச் சற்று மேல் போகிறது. எனக்கு இதில் நிஜமான மகிழ்ச்சி. ஆனாலும் வந்தபோது அதன் விலை 55,000 யூரோவைத் தாண்டியது.

அப்பா 2016இல் போய்விட்டார். பட்டறையை இப்போது தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் வீடியோ அழைப்பில் நான் சிஎல்ஏ பற்றிச் சொல்ல, அவன் கேட்டான்: "மாமா, சார்ஜுக்கு எவ்வளவு குடுக்கும்? வெலை என்னங்க?" பின்னால் அதே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

2025 மார்ச்சில் ஃபோக்ஸ்வேகன் இன்னொரு மாதிரிக் காரைக் காட்டியது, ஐடி எவ்ரி1. 250 கிலோமீட்டராவது ஓடும், விலை 20,000 யூரோவை ஒட்டி இருக்கும், 2027இல் விற்பனைக்கு வரும் என்கிறார்கள். சாதனை எண் எதுவும் அதில் இல்லை. ஆனால் நான் எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்தக் காருக்காகத்தான். அடுத்த முறை எங்காவது அதிசயக் கார் ஒன்றைப் படத்தில் பார்த்தால் நீங்களும் மைலேஜோடு நிறுத்திவிடாதீர்கள். விலை என்ன, ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.