ஆற்றுக்கு அந்தப் பக்கம் தூங்கியவர்

கனடா தன் அரசியல் சட்டத்தின் முக்கியப் பகுதிகளைத் திருத்த, 1982 வரை லண்டன் நாடாளுமன்றத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பிரிட்டன் உரிமையைக் கொடுக்கத் தயார். எப்படித் திருத்துவது என்பதில்தான் மாகாணங்களுக்குள் அரை நூற்றாண்டுத் தகராறு.

1981 நவம்பரில் ஒரு ராத்திரி, ஒட்டாவா மாநாட்டு மண்டபத்துச் சமையலறையில் மூன்று அமைச்சர்கள் பேரத்துக்கு வழி கண்டார்கள். கியூபெக் முதல்வர் ரெனே லெவெக்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹல் நகர ஓட்டலில் தூக்கம். காலையில் வந்தவருக்குக் கிடைத்தது பந்தி முடிந்த இலை. கியூபெக் இன்றுவரை ஒப்புதல் தரவில்லை. அதனால் என்ன, சட்டம் அங்கேயும் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்!

கியூபெக்கின் கோபத்தைத் தணிக்க 1987இல் மீச் ஏரிக்கரையில் பிரதமர் மல்ரோனியும் பத்து முதல்வர்களும் கூடி ஒத்துப்போனார்கள். பூர்வகுடிகளைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எல்லா மாகாணச் சட்டமன்றங்களும் ஏற்பதற்கான மூன்றாண்டுக் கெடு முடியும் தறுவாயில், மனிடோபா சட்டமன்றத்தில் எலைஜா ஹார்ப்பர் என்ற பூர்வகுடி உறுப்பினர் கழுகு இறகைப் பிடித்தபடி, ஒருமனதாகத் தேவைப்பட்ட சம்மதத்தை மறுத்தார். ஒப்பந்தம் காலி.

1992இல் ஞானோதயம்: பூர்வகுடித் தலைவர்களையும் அழைத்துப் பேசி, புது ஒப்பந்தத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார்கள். இம்முறை மக்களே வேண்டாம் என்றார்கள். அதன்பின் வந்த பிரதமர்களுக்கு எல்லாமே காதில் விழுகிறது, அரசியல் சட்டம் என்ற சொல்லைத் தவிர.