நகையின் ஐந்தாம் நிலைக்களன்: வெனீர்ப் பல் குறித்த ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைத்தார். அது எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்றும் வரையறுத்தார். உரையாசிரியர்கள் எவரும் இந்தக் கணக்கைத் திருத்தத் துணியவில்லை. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது செலவு, என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பல்லுக்குப் பணம் கட்டியவர் சிரிக்கும் சிரிப்பு மேற்கண்ட நான்கில் எதிலும் அடங்காது.

வரையறை

வெனீர் என்பது முன்பல்லின் வெளிப்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய ஓடு. பீங்கானில் செய்வார்கள், கையைச் சற்றுக் கடிக்கிறது என்பவருக்குக் காம்போசிட் என்ற பிசின் கலவை உண்டு. பீங்கான் ஓட்டின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அது துருத்தாமல் உட்கார, பெரும்பாலும் சொந்தப் பல்லின் எனாமலைக் கொஞ்சம் சீவியாக வேண்டும். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல். முறிந்த எலும்பு கூடும். போன எனாமல் மீண்டும் வளராது. இந்த வரியை ஆய்வாளர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளவும்.

வரலாறு

1928 வாக்கில் கலிஃபோர்னியாவின் பல் மருத்துவர் சார்லஸ் பிங்கஸ், ஹாலிவுட் நடிகர்களுக்காக இந்த ஓட்டை உருவாக்கினார். பால்பல் விழும் வயதில் நடித்துக்கொண்டிருந்த ஷெர்லி டெம்பிளின் இடைவெளிகளை மறைத்ததும் அவரே. படப்பிடிப்புக்கு முன் ஒட்டுவது, பேக்கப் சொன்னதும் கழற்றுவது. அதாவது, அந்தக் காலத்துச் சிரிப்புக்கு வேலை நேரம் இருந்தது.

1955இல் மைக்கேல் புவனகோர், அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கிய எனாமலில் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் அவ்வாறே அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் முறை வந்தது. ஓடு பல்லோடு நிலைத்தது. சிரிப்புக்கு விடுமுறை இல்லாமல் போயிற்று.

வகைப்பாடு

கல்யாண வீடுகளில் பந்திக்கும் மேடைக்கும் நடுவே நின்று பார்த்ததில், வெனீருக்கு முந்தைய மாந்தர் மூவகைப்படுவர்: உதடு பிரியாமல் சிரிக்கும் இதழடக்கர், புறங்கையால் வாயை மூடும் கைமறையர், ஒலி எழுப்பாமல் வயிறு மட்டும் ஆடும் குலுங்கர். வெனீர் ஒட்டியபின் மூவரும் ஒரே வகையாகிறார்கள். மொய் எழுதும்போது சிரிக்கிறார்கள். ரசம் தீர்ந்துவிட்டது என்றாலும் சிரிக்கிறார்கள். துக்க வீட்டில் அவர்கள் உதட்டை மூடப் படும் பாடு தனி ஆய்வுக்குரியது.

நிறவியல்

பல் மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் ஒரு நிறப் பட்டியலில் 16 சாயல்கள் உள்ளன. அவற்றில் மிக வெளிறியது பி1. கடவுள் தந்த பற்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஆனால் வருபவர் கேட்பது பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வெள்ளை. ஒட்டிய பீங்கானைப் பிறகு எந்த பிளீச்சும் வெளுக்காது. எனவே பக்கத்துப் பற்களை முதலில் வெளுத்துவிட்டு, அதற்கேற்ப ஓட்டின் நிறத்தைத் தேர்வது முறை. வரிசையை மாற்றினால் வாயில் இரு கட்சிகள் உருவாகும்.

எதிர்வாதம்

அழகுப் பல்லுக்கு உலகப் பொதுவிதி உண்டா? ஜப்பானில் தெத்துப்பல் அழகென்று, காசு கொடுத்து அதை ஒட்டிக்கொண்ட இளம்பெண்கள் உண்டு. அதே நாட்டில் ஒருகாலத்தில் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதே மேன்மக்கள் வழக்கம். 1870இல் அரசாங்கம் பிரபுக்களுக்கு அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது. ஆகவே பொதுவிதி இல்லை. அந்தந்த ஊர்க் கண்ணாடிதான் உண்டு.

விதிவிலக்கு

இங்கே ஆய்வாளர் சற்று நேராக உட்கார வேண்டியிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு, தலைமுறைகளாகப் பல்லில் பழுப்புக் கறையை எழுதி வந்தது. அந்த நீருக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. செலவு சுமார் 1,928 கோடி ரூபாய். இந்த எண் பிங்கஸின் ஆண்டோடு பொருந்துவதைத் தற்செயல் என்று விட நம் துறைக்கு மனம் வராது. ஆனால் நல்ல தண்ணீர் வந்தாலும் முன்பே முளைத்த பல்லின் கறை போகாது. பெண் பார்க்க வந்தவர்கள் முன் வாய் திறக்காத கைமறையர் அங்கே ஆயிரம் பேர் இருக்கலாம். அவர்களுக்கும், விழுந்து முன்பல் உடைந்தவர்களுக்கும் வெனீர் ஆடம்பரமன்று, மருத்துவம். அவர்கள் சிரிப்பை ஐந்தாம் வகையில் சேர்ப்பது பிழை.

முடிவு

1862இல் டியூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், உண்மைச் சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று எழுதினார். அந்தத் தசை பொய்ச் சிரிப்புக்கு எளிதில் இணங்காது. அங்கே ஒட்ட இன்னும் ஓடு வரவில்லை. எனவே செலவிலிருந்து பிறக்கும் நகை உதட்டோடு நின்றுவிடுகிறது என்பதே தீர்ப்பு. பீங்கான் ஓடும் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும். அப்போதும் சீவிய பல் சீவியதுதான். ஆகவே வாசகரே, நாற்காலியில் சாய்ந்ததும் ‘எவ்வளவு ஆகும்?’ என்று கேட்காதீர்கள். ‘எவ்வளவு சீவுவீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள்.